பின்னால் வருகிற வண்டிக்கும் பிரேக் வேண்டும், பாப்பா

என் பாப்பாவுக்கு,

விசா வந்துவிட்டது! போனில் சொன்னதுதான், உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கையால் ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் எனக்கு நிஜமாகத் தோன்றுகிறது. உன் அப்பா இரண்டு பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார். "எலி கடிச்சிரும்மே" என்கிறார். நம் வீட்டில் எலி ஏது, பூனைதான் இரண்டு இருக்கிறது என்றால், "அப்ப பூன கடிச்சிரும்" என்கிறார். நான் மட்டும் என்ன ஒழுங்கு? பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, அதற்குள் பெட்டியை மூன்று தடவை கட்டிப் பிரித்துவிட்டேன். கேழ்வரகு மாவு, கொள்ளு, என் பேத்தி குட்டிக்குக் கடலை உருண்டை, மாப்பிள்ளைக்கு இட்லிப் பொடி. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "அமெரிக்காவுல கடையே இல்லைங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். கேட்கட்டும்.

இதையெல்லாம் விடப் பெரிய கொண்டாட்டம் உன் டிரெய்லர். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ அதன் கதவைத் திறந்து காட்டியபோது நான் இட்லி சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டேன். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, குட்டி படுத்துக்கொள்ள ஒரு மேல்தட்டு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எல்லாம் நான்கு சக்கரத்தின் மேல்! "ஒரு வூட்டையே இழுத்துக்கிட்டுப் போறா பாருங்க எம்மவ" என்று நான் கத்தியது தார் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். உன் அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம், "கக்கூஸு தண்ணி எங்க போவுது?" அதையே நான்கு தடவை கேட்டார். அதை இழுக்கிற பிக்கப் வண்டியை ஓட்டுவது நீ, பின்னால் நின்று கை காட்டுவது மாப்பிள்ளை என்று தெரிந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவள் பெற்ற பெண் வேறு எப்படி இருப்பாள்? நாங்கள் வந்த இரண்டாவது வாரமே கொலராடோ மலைக்குப் போகிறோம் என்றாய். மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, அந்தக் குட்டி அடுப்பில் நான் களி கிண்டப் போகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

அப்புறம் ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாய். "இதுதாம்மா பிரேக் கன்ட்ரோலர். நான் பிக்கப்புல பிரேக் மிதிச்சா, இது டிரெய்லர் சக்கரத்துக்குக் கரண்ட் அனுப்பி அதையும் புடிக்க வெக்கும். பழைய ஓனர் மாட்டி வெச்சது. லேசா மிதிச்சாலே பின்னால வெடுக்குன்னு இழுக்குது, குட்டி பயந்து அழறா. அதனால டயலை ஜீரோவுக்குத் திருப்பி வெச்சுட்டேன். பிக்கப் பிரேக்கே போதும்மா" என்றாய். சொல்லிவிட்டு நீ பாட்டுக்குத் திரைத்துணியின் விலையைச் சொல்லப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ பேசிய ஒன்றும் என் காதில் ஏறவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் "டிராக்டர் பிரேக்கே போதும்" என்று சொன்னவள் நான். அதே வார்த்தை அத்தனை தூரத்தில் இருந்து உன் வாயில் வந்தது. போனை வைத்த பிறகு மிச்ச இட்லியைப் பூனைக்குப் போட்டேன்.

அப்பாவின் வலது கால் ஏன் இழுக்கிறது என்று உனக்கு ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறோம். நீ அப்போது கோயமுத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். சித்தேரி மலையில் இருந்து குச்சிக்கிழங்கு லோடோடு இறங்கும்போது டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை, அரூர் பட்டறை பாய் செய்து கொடுத்த பிரேக் சரியில்லை என்று சொன்னோம். உனக்கு மட்டுமல்ல, ஊருக்கே அப்படித்தான் சொன்னோம். அது பொய். அந்தப் பிரேக்கைப் பிடிக்காமல் செய்தவள் நான். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் ஊர் டிராக்டர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி.

பாய் செய்த டிரெய்லர் அருமையான டிரெய்லர். நம் பக்கத்தில் பாதிப் பேர் டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. பாய் மட்டும் பிரேக் வைக்காமல் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். டிராக்டரை நிறுத்தும்போது பின்னால் வருகிற டிரெய்லர் முன்னால் தள்ளும் இல்லையா, அந்தத் தள்ளலை ஒரு ஸ்பிரிங் வாங்கி, ஒரு தண்டை இழுத்து, டிரெய்லர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மெதுவாகத் தள்ளினால் மெதுவாகப் பிடிக்கும், முட்டித் தள்ளினால் இறுக்கிப் பிடிக்கும். அதில் சிரமம் ஒன்றே ஒன்றுதான். ரிவர்ஸ் எடுத்தாலும் அதே தள்ளல்தானே, பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி நகராது. அதற்காக பாய் ஓர் இரும்பு பின் கொடுத்திருந்தார்; அதைச் சொருகினால் தண்டு நகராது, பிரேக் பிடிக்காது. ரிவர்ஸுக்கு முன்னால் இறங்கிப் பின்னைச் சொருக வேண்டும், முடிந்ததும் மறுபடி இறங்கிப் பிடுங்க வேண்டும்.

மரவள்ளிக் கிழங்கு மில்லில் வண்டியை ரிவர்ஸில்தான் கிழங்கு கொட்டுகிற குழிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த யார்டு முழுக்க ஆண்கள். டிராக்டர் ஓட்டி வருகிற ஒரே பொம்பளை நான். நான் இறங்கி, பின்னைச் சொருகி, ஏறி, ரிவர்ஸ் எடுத்து, திரும்ப இறங்குவதற்குள் ஒருவன், "அக்கா எறங்கி ஏறறதுக்குள்ள கெழங்கு மாவாவே போயிருமாட்ட இருக்குது" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிரேக் இல்லாத டிரெய்லர்காரன் ஒரே வீச்சில் ரிவர்ஸ் எடுத்துவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டு நிற்பான். ஒரு நாள் வீட்டில், பின் சொருகும் இடத்தில் கட்டுக்கம்பியை நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கி முறுக்கிவிட்டேன். உன் அப்பாதான் குறடு எடுத்துக் கொடுத்தார். "இப்படியே உட்டா முன்னால போறப்ப பிரேக் புடிக்காதேம்மே" என்றும் சொன்னார். "டிராக்டர் பிரேக்கே போதும், நீங்க கம்முனு இருங்க" என்றேன். அடுத்த நாள் யார்டில் கீழே இறங்காமலே ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு மாதம் கம்பியை அவிழ்க்கவே இல்லை.

சித்தேரியில் இருந்து இறங்கும்போது உன் அப்பா என் பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வளைவில் எதிரே ஒரு பஸ். பிரேக்கை மிதித்தேன். டிராக்டர் நிற்கப் பார்த்தது, பின்னால் இருந்த நான்கு டன் கிழங்கு நிற்கவில்லை. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டிரெய்லர் ஒரு பக்கமாக ஒதுங்கி, டிராக்டரைக் குறுக்கே திருப்பி, மலைப்பக்கத்துச் சாக்கடையில் கொண்டுபோய் அடித்தது. பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கடிதம் எழுத ஆள் இருந்திருக்காது. அப்பா கீழே விழுந்தார், டிரெய்லரை மாட்டுகிற கொக்கித் தண்டு அவர் கால் மேல் இறங்கியது. பஸ்ஸில் வந்தவர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். "பிரேக் புடிக்கலைங்களா?" என்று ஒருவர் கேட்டார். "புடிக்கல" என்றேன். "யாரு செஞ்ச டிரெய்லரு?" என்றார் இன்னொருவர். "அரூர் பாயி" என்றேன். அவ்வளவு பேர் அப்பாவை வழியில் வந்த ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருக்க, நான் டிரெய்லரைப் பார்க்கிற மாதிரி முன்பக்கம் குனிந்து அந்தக் கம்பியை அவிழ்த்தேன். அவர் வலியில் கத்துவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. நான் முறுக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கம்பியைப் புதருக்குள் வீசிவிட்டுத்தான் வேனில் ஏறினேன். கம்பியை அவிழ்த்து வீசியதை அப்பாவிடம்கூட இந்த வாரம்தான் சொன்னேன்.

நீ போனை வைத்த மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அரூருக்குப் போனேன். டிரெய்லர் பிரேக் பற்றித் தெரிந்த ஆள் எனக்கு பாயைத் தவிர யாரும் இல்லை. அவரிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்லியாக வேண்டும். பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. டிரெய்லர் ஒன்றுகூட இல்லை. நான் நின்றபடியே சொன்னேன். "பாய், அன்னைக்கு உங்க பிரேக்கு புடிக்காம போகலைங்க. ரிவர்ஸுக்குத் தொந்தரவா இருக்குதுன்னு நான்தான் கம்பி போட்டுக் கட்டி வெச்சிருந்தேன்." அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "எந்த எடத்துல கட்டுனீங்க?" என்றார். கையால் காட்டினேன். சாக்பீஸ் எடுத்து ஒரு தகரத்தில் அந்தத் தண்டை வரைந்து, "இங்கயா, இங்கயா?" என்று கேட்டார். நான் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப ஸ்பிரிங்கு சரியாத்தான் இருந்திருக்குது" என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் ஸ்பிரிங்குதான் வலு பத்தலைன்னு நெனச்சுட்டனுங்க அக்கா. எங்க தப்பு உட்டேன், எங்க தப்பு உட்டேன்னு யோசிச்சு யோசிச்சு, அந்த பிரேக்கு போடறதையே உட்டுட்டேன். வந்த ரெண்டு ஆர்டரும் திரும்பிப் போச்சு. அதுக்கப்புறம் டிரெய்லரே வேண்டாம்னு கேட்டு, கிரில்லுன்னு செய்யறேன்." தகரத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லீங்க" என்றார். டீ வந்தது. அவர் மட்டும் எடுத்துக் குடித்தார். எனக்குக் கொடுக்கவில்லை, பாப்பா. அந்தப் பட்டறையில் யார் போனாலும் டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார். எனக்கு அது சரியான தண்டனைதான்.

கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். "பன்னண்டு வருசம் கழிச்சு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். உன் டிரெய்லரைச் சொன்னேன், டயலைச் சொன்னேன். "ஜீரோவுலயா? மல எறக்கத்துலயா?" என்று துள்ளி எழுந்துவிட்டார். "இருங்க, இருங்க, உக்காருங்க. அந்த ஊர்ல எப்படி பிரேக்கு? காட்டுங்க." முந்தின இரவு நான் கேட்டதும் மாப்பிள்ளை அனுப்பியிருந்த பிரேக் பெட்டி வீடியோக்களையும் படங்களையும் போனில் எடுத்து வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கு அரைகுறை. இரண்டு பேரும் சேர்ந்து நிறுத்தி நிறுத்தி மத்தியானம் வரைக்கும் பார்த்தோம். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவர் தொடையைத் தட்டி, "அட! நான் ஸ்பிரிங்குல செஞ்சத அவங்க கரண்ட்ல செஞ்சிருக்காங்க!" என்று சிரித்தார். இனி சொல்வதெல்லாம் நானும் அவரும் சேர்ந்து கண்டுபிடித்தது. கவனமாகக் கேள்.

கன்ட்ரோலர் இரண்டு வகை. உன்னிடம் இருப்பது நேரத்தைப் பார்த்துப் பிடிக்கிற வகை. நீ மிதித்த விநாடியில் இருந்து எண்ண ஆரம்பித்து, முன்னாலேயே வைத்த அளவு வரைக்கும் கரண்டை ஏற்றிக்கொண்டே போகும். நீ சிக்னலில் மெல்ல மிதித்தாயா, லாரி குறுக்கே வந்து அலறி மிதித்தாயா என்பது அதற்குத் தெரியாது. அதனால்தான் வெடுக்கென்று இழுக்கிறது, குட்டி அழுகிறாள். தப்பு பிரேக்கில் இல்லை, அந்தப் பெட்டியில். இன்னொரு வகை, வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை உள்ளே இருக்கிற ஒரு சின்னக் கருவியால் உணர்ந்து, அந்த அளவுக்கு மட்டும் டிரெய்லரைப் பிடிக்கிற வகை. மெல்ல மிதித்தால் மெல்ல, அழுத்தினால் அழுத்தமாக. மலை இறக்கத்துக்கு அதுதான். விலை கூட என்று மாப்பிள்ளை முனகுவார். நான் கொண்டு வருகிற இட்லிப் பொடியைக் காட்டி வாயை அடைத்துவிடு.

போன் வழியாக இயக்குகிற ஒன்றையும் பார்த்தோம். ஒயரே வேண்டாமாம், டிரெய்லர் பிளக்கில் சொருகினால் போதுமாம். வண்டி மாற்றி மாற்றி இழுப்பவர்களுக்கு அது சௌகரியமாக இருக்கலாம். உனக்கு இருப்பது ஒரே பிக்கப், ஒயர் போட்டே மாட்டிக்கொள். டேஷ்போர்டுக்குக் கீழே அதற்கென்று கம்பெனியே ஒரு சாக்கெட் கொடுத்திருக்கிறதா என்று பார், இருந்தால் அதற்கேற்ற ஒயர் மட்டும் வாங்கினால் போதும். உன் டிரெய்லருக்கு இரண்டு அச்சு, நான்கு சக்கரத்திலும் பிரேக். அத்தனையையும் தாங்குகிற பெட்டியா என்று கேட்டு வாங்கு. ஆடாமல் அசையாமல் திருகி மாட்ட வேண்டும், எந்தச் சாய்வில் மாட்டலாம் என்று அதோடு வருகிற தாளில் இருக்கும். அதைப் படி. நீ சின்ன வயதில் இருந்து எதையும் படிக்காமல் தூக்கிப் போடுகிறவள், அதனால் இரண்டு தடவை சொல்கிறேன், படி.

மாட்டிய பிறகு டயலைக் கண்டபடி திருப்பாதே. தட்டையான, காலியான ஓர் இடத்துக்குப் போ. சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய டிரெய்லராக இருக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து தடவை நிறுத்தி, பிரேக் சூடேறட்டும். அப்புறம் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், பெட்டியில் இருக்கிற கைப்பிடியை மட்டும் அழுத்து; அது டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும். சக்கரம் உருளாமல் தேய்ந்தால் டயல் அதிகம், கைப்பிடியை அழுத்தியும் வேகம் குறையாவிட்டால் டயல் குறைவு. தேயப் போகிற அளவுக்கு ஒரு பொட்டு கீழே வை. மாப்பிள்ளை வெளியில் நின்று சக்கரத்தைப் பார்க்கட்டும், கை காட்டுவதைவிட அது உபயோகமான வேலை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடு. எங்கேயாவது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, அந்தக் கைப்பிடியை மட்டும் அழுத்து, பின்னால் இருப்பது தானாக நேராகிவிடும். இதைக் கேட்டதும் பாய், "அன்னைக்கு இந்தக் கைப்புடி உங்ககிட்ட இருந்திருந்தா அண்ணன் கால் தப்பிச்சிருக்கும்" என்றார். இருந்திருந்தால் அதையும் கட்டி வைத்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மை. உன் பிரேக்குக்கு ரிவர்ஸில் எந்தத் தொந்தரவும் இல்லை, இறங்க வேண்டாம், பின் வேண்டாம், சிரிக்கவும் ஆள் இல்லை. அப்படி இருந்தும் நீ அதை அணைத்து வைத்திருக்கிறாய். பிள்ளை அழாமல் இருக்கத்தான் செய்தாய், எனக்குப் புரிகிறது. நானும் ஏதோ ஒன்றுக்காகத்தான் செய்தேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது? அன்னைக்கு நாலு பேரு கேக்கச் சொன்னீங்க. இன்னைக்கும் நாலு பேரு கேக்கச் சொல்லுங்க" என்றார். அதனால்தான் குழுவில் போடுகிறேன். கிழங்கு மில்லில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். நன்றாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டு அவரவர் டிரெய்லரில் பிரேக் இருக்கிறதா, அதில் கம்பி கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கட்டும். நேற்று அப்பாவே காலை இழுத்துக்கொண்டு அரூருக்குப் போய் பாயிடம் ஒரு புது டிரெய்லருக்குச் சொல்லிவிட்டு வந்தார். பிரேக்கோடுதான். இந்த முறை பாய் பின்னைச் சங்கிலி போட்டுத் தண்டோடு சேர்த்தே வெல்டிங் வைத்துவிடுகிறாராம். "அக்கா கோவத்துல வீசி எறிஞ்சாக்கூட திரும்ப வந்துரும்னு சொல்லுங்க" என்றாராம். அப்பாவுக்கு டீ கொடுத்தாராம், அதையும் வந்து சொன்னார்.

இன்றைக்கே டயலைப் பூஜ்ஜியத்தில் இருந்து எடு. புதுப் பெட்டி மாட்டுகிற வரைக்கும் டிரெய்லரை வாசலை விட்டு நகர்த்தாதே. மாட்டியதும் படம் அனுப்பு, எனக்கு ஒன்று, பாய்க்கு ஒன்று. உன் நம்பரை அவர் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், ஏமாற்ற முடியாது. ஏர்போர்ட்டில் நீ என்னைக் கட்டிப்பிடிப்பது, குட்டி தாவி ஏறுவது, அழுவது எல்லாம் அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்தப் பெட்டியைக் காட்டு. அப்பா குட்டியோடு பின் சீட்டில் உட்காரட்டும். மாப்பிள்ளையும் அங்கேயே. முன்னால் உன் பக்கத்தில் நான். பெட்டியை ஸ்டீரிங்குக்கு வலது பக்கமாக, உன் கையும் எட்டுகிற, என் கையும் எட்டுகிற இடத்தில் மாட்டு, பாப்பா. அந்த மலையில் இறங்கும்போது என் விரல் அந்தக் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் அம்மா